ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவி: மரத்தில் கட்டுவதற்கு முன்

காட்டுயிர் ஆய்வு மாணவர்களின் கைக்கு எட்டும் விலையில் உள்ள தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி ஆடியோமாத். 58 × 48 × 15 மில்லிமீட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. மூன்று டபுள் ஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு போதும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது சாம்பிள் ரேட், அதாவது கருவி ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது. அதில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். பறவைக்கும் தவளைக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். வௌவாலுக்கு 192 போதும் என்று வைத்துவிட்டால் 96க்கு மேல் எதுவும் விழாது. தென்னிந்தியாவில் பரவலாக இருக்கும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் ஒலி எழுப்புவது 130ஐ ஒட்டி. தரவில் அது இல்லவே இல்லை என்றாகிவிடும். 384 வைத்தால் பிடிபடும், ஆனால் மணிக்கு 2.76 ஜிபி ஆகும். 48இல் மணிக்கு 346 எம்பிதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிவு என்றால் நாளுக்கு 288 கோப்புகள், 1.66 ஜிபி, 32 ஜிபி கார்டு 19 நாள் வரும். மட்டமான கார்டு எழுதத் திணறும், பேட்டரியையும் தின்னும். கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பலரைக் கவிழ்ப்பது கடிகாரம். கோப்பின் பெயரில் இயல்பாக இருப்பது யூடிசி எனும் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் விடியற்காலை 5 மணிப் பதிவு முந்தின நாள் தேதியில், 23:30 என்று நிற்கும். பேட்டரி மாற்றினால் நேரத்தை மறுபடி வைக்க வேண்டும். காட்டுக்குள் மடிக்கணினி தேவையில்லை, போனில் ஆடியோமாத் சைம் செயலி ஒலியெழுப்பியே நேரத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

கருவி உறையில்லாத வெறும் மின்சுற்றுப் பலகையாகத்தான் வரும். ஜிப் பையில் போட்டால் மழைத்துளி விழும் சத்தமே பதிவை நிரப்பிவிடும், உள்ளே ஈரமும் கோக்கும். மழைக்காட்டுக்கு அதற்கென்றே உள்ள நீர்புகா உறையை வாங்குவதே நல்லது. பருத்த மரத்தில் கட்டினால் பின்பக்க ஒலி அடைபடும். மெல்லிய தண்டாகப் பாருங்கள். ஓடைக்கருகே வேண்டாம். சில்வண்டு இரையும் பருவத்தில் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறையுங்கள்.

இடத்துக்கு இடம் ஒப்பிட இது அருமையான கருவி, எல்லாக் கருவிக்கும் ஒரே அமைப்பு இருந்தால். எத்தனை பறவை என்று எண்ணித் தராது. ஒலியை வைத்துப் பறவை இனத்தைக் கணிக்கும் பேர்ட்நெட் மென்பொருள் தரும் மதிப்பெண்ணை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு இனத்துக்கும் சில பதிவுகளைக் காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

விறகு பொறுக்க வருவோரின் பேச்சும் இதில் விழும். கட்டுவதற்கு முன் ஊரில் சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சுப் பகுதிகளைக் காது கொடுத்துக் கேட்காமல் அழித்துவிடுங்கள்.