தலசீமியா பகல்நேர வார்டு: ரத்தம் ஏற்றுவதில் நேர்த்தி, கிருமிச் சோதனையில் கோட்டை விடுகிறது

கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் பகல்நேர வார்டைப் பற்றிய மதிப்பீடு இது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்காக மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை ரத்தம் ஏற்ற அழைத்துப் போகும் பெற்றோருக்காக எழுதுகிறோம்.

ரத்தம் ஏற்றும் வேலையில் குறை சொல்ல இடமில்லை. தாதியர் இருவர் படுக்கையருகே நின்று பை எண், ரத்த வகை, காலாவதித் தேதி மூன்றையும் உரக்க வாசித்து, கைப்பட்டையோடு ஒப்பிட்ட பிறகே குழாயை இணைக்கிறார்கள். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, காய்ச்சலும் நாடியும் பார்க்கிறார்கள். ஒரு பை 4 மணி நேரத்துக்குள் முடிகிறது. வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம்தான் தருகிறார்கள். சைட்டோமெகலோ என்ற தொற்று வைரஸ் வெள்ளணுவுக்குள் பதுங்குவது என்பதால் இது முக்கியம். ரத்தம் ஏற்றும்போது வரும் குளிர்காய்ச்சலும் குறையும்.

தானம் வந்த ரத்தத்தை ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ் நான்குக்கும் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் கொடையாளருக்குத் தொற்றிய புதிதில் எந்தச் சோதனையிலும் சிக்காத நாட்கள் உண்டு. எச்ஐவிக்கு எதிரணுவை (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளை) மட்டும் பார்த்தால் அது சுமார் 22 நாள். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் சோதனையில் 11 நாளாகச் சுருங்கும். ஒரே ஒரு பை ஏற்றுபவருக்கு அற்ப ஆபத்து. ஒரு தடவைக்கு இரண்டு பை, ஆண்டுக்கு 26 பை என்று ஆயுள் முழுக்க ஏற்றுபவருக்கு அது சேர்ந்துகொண்டே போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்று வைரஸுக்கும் சோதனை எடுத்தாக வேண்டும்.

வார்டு சறுக்குவது இங்கேதான். நாம் கேட்டால்தான் எடுக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடப்படுவதால், "போட்டாச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். எதிரணு லிட்டருக்கு 10 யூனிட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் கூடுதல் ஊசி பற்றிப் பேசுங்கள். ஹெபடைடிஸ் சி எதிரணு பாசிட்டிவ் என்ற தாளை மட்டும் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். குணமானவருக்கும் அந்த எதிரணு இருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஆர்என்ஏ சோதனைதான் கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்லும். இருந்தாலும் பயம் வேண்டாம்: சோஃபோஸ்புவிர், டக்லடஸ்விர் மாத்திரைகள் 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம், பெரும்பாலும் 12 வாரம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்பு படிந்த கல்லீரலை இந்தக் கிருமி சீக்கிரம் கெடுக்கும்.

ஒவ்வொரு முறையும் தேதியையும் பை எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கொடையாளருக்குப் பின்னாளில் தொற்று தெரியவந்தால், ரத்த வங்கி அந்த எண்ணை வைத்துத்தான் ஏற்றியவரைத் தேடும்.