காஸ்பியன் ஆழ்நீர் உளுவையைத் தேட ஃபிஷ்பேஸ் எவ்வளவு உதவும்?

வஞ்சிரத்தையோ சாளையையோ தேடிப் பார்த்து, ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் இணையதளத்தை எடைபோடக் கூடாது. அவற்றுக்குத் தகவல் குவிந்து கிடக்கும். அதிகம் ஆராயப்படாத மீனைத் தேடும்போதுதான் தளத்தின் தரம் தெரியும். காஸ்பியன் கடலில் மட்டுமே வாழும் ஆழ்நீர் உளுவை, போன்டிகோலா பாத்திபியஸ், அதற்கு நல்ல சோதனை. வட காஸ்பியன் சராசரியாக ஐந்தாறு மீட்டர் ஆழம்தான். ஆகவே நடு, தென் காஸ்பியன்தான் இதன் இடம்.

பெயர் விஷயத்தில் தளத்துக்கு முழு மதிப்பெண். 1877இல் விலங்கியலாளர் கெஸ்லர் இதைக் கோபியஸ் பேரினத்தில் வைத்தார். பிறகு நியோகோபியஸ் ஆனது. 2009 மரபணு ஆய்வை ஒட்டி போன்டிகோலாவுக்கு வந்தது. ‘சினானிம்ஸ்’ என்ற மாற்றுப் பெயர்ப் பட்டியலைத் திறந்தால் இந்தத் தடம் தெரியும். கெஸ்லர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அதனால்தான்: முதலில் வேறு பேரினத்தில் விவரிக்கப்பட்ட மீன் என்று பொருள். பழைய ஆய்வுகளைத் தேடுபவர்கள் மூன்று பெயர்களிலும் தேட வேண்டும், இல்லாவிட்டால் சோவியத் காலக் கட்டுரைகள் பலவும் கண்ணில் படாது.

எண்களில்தான் கவனம் வேண்டும். பக்கத்தின் அடியில் நீளம்-எடைக் கணக்குக்கான (எடை = ஏ × நீளத்தின் பி அடுக்கு) ஏ, பி மதிப்புகள் இருக்கும். அருகில் ‘பேயீசியன்’ என்று குறித்திருந்தால், அவை இந்த மீனை மட்டும் எடைபோட்டு எடுத்தவை அல்ல. ஒத்த உடல்வடிவமுள்ள உறவு மீன்களின் அளவீடுகளையும் துணைக்கொண்ட மதிப்பீடு. அதை ஆய்வேட்டில் ‘அளவிடப்பட்டது’ என்று எழுதுவது பெரும் பிழை.

நீளத்துக்குப் பக்கத்தில் டி.எல். என்றிருந்தால் மொத்த நீளம், எஸ்.எல். என்றிருந்தால் வால் துடுப்பு நீங்கலான நீளம். உதாரணத்துக்கு ஏ 0.01, பி 3 என்று வைப்போம். 20 செ.மீ. மொத்த நீளமுள்ள மீன் 80 கிராம் வரும். அதே மீனுக்கு வால் நீங்கலான 17 செ.மீ. நீளத்தைப் போட்டுவிட்டால் 49 கிராம்தான் வரும். மூன்று சென்டிமீட்டர் குழப்பத்தில் எடையில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் போய்விடுகிறது!

ஆர் என்ற கணினி மொழி தெரிந்தவர்கள், ஃபிஷ்பேஸ் தரவை அதில் எடுத்துத் தரும் ஆர்ஃபிஷ்பேஸ் தொகுப்பை நிறுவிக்கொள்வது நல்லது. அதில் ‘லெங்த் வெயிட்’ கட்டளை அளந்த ஆய்வுகளைத் தரும், ‘எஸ்டிமேட்’ கட்டளை மதிப்பீடுகளைத் தரும். இரண்டும் தனித்தனியாகக் கிடைப்பதால் குழப்பம் குறைவு. தளமும் தொகுப்பும் இலவசம்.

தளத்தில் உள்ள, கணினி வரைந்த பரவல் வரைபடங்களை உளுவைகளுக்கு நம்ப வேண்டாம். அவற்றின் அரை பாகைக் கட்டம் ஒன்று வடக்கு-தெற்காக சுமார் 55 கி.மீ. நீளும், தென் காஸ்பியனில் கரையோர மேடையும் ஆழ்பள்ளமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அங்கு வலை போட இடம் தேடுபவர்கள் ஆழக்கோடுகள் உள்ள கடல் வரைபடத்தையே பயன்படுத்த வேண்டும்.