தொண்டை நரம்பு வலி: மாத்திரையா, பிளாக் ஊசியா?

எச்சில் முழுங்கினாலே நாக்கு அடியில இருந்து காது வரைக்கும் ஷாக் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குற குளோசோஃபாரிஞ்சியல் நியூரால்ஜியாவுக்கு டாக்டருங்க முதல்ல எழுதுறது பெரும்பாலும் கார்பமசெபைன் மாத்திரைதான், நிறைய பேருக்கு கேக்கும், ஆனா தூக்கமா வரும், சோடியம் குறையலாம், அப்பப்ப பிளட் டெஸ்ட் எடுக்கணும், தோல்ல தடிப்பு வந்தா அன்னிக்கே ஓடணும்.

பிளாக் ஊசி, அதாவது அந்த நரம்பை மரத்துப்போக வச்சு வலியைத் தடுக்குற ஊசி, வேற ரகம். காதுக்குக் கீழ, தாடைக்குப் பின்னாடி ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மரத்துப்போற மருந்து போடுவாங்க, சில சமயம் ஸ்டீராய்டும் சேத்து. உடனே வலி அடங்குச்சுன்னா கோளாறு அந்த நரம்புலதான்னு ஓரளவு தெரிஞ்சிடும், மாத்திரைல இந்த லாபம் இல்ல. ஆனா பக்கத்துலயே கழுத்துப் பெரிய ரத்தக்குழாய் ஓடுது, அனுபவமுள்ள பெயின் ஸ்பெஷலிஸ்ட்தான் போடணும். குரல் கம்மலாம், மரப்பு போறவரைக்கும் காபிகூட வேணாம், புரை ஏறிடும். என்னைக் கேட்டா மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கும் வலியில சாப்பிடவே முடியாதவங்களுக்கும்தான் ஊசி.