பலூன் சறுக்கில் தேங்கும் தண்ணீர்: வைப்பரா, வடிகாலா, தார்பாயா?

திருவிழா, பொருட்காட்சி, ரிசார்ட் என்று காற்றடித்து நிறுத்தும் பலூன் சறுக்கை வாடகைக்கு விடும் எங்களுக்கு மழையைவிட மழை விட்டபிறகுதான் தலைவலி. பத்து நிமிடம் கொட்டிவிட்டு வானம் வெளுத்துவிடும். சறுக்கின் கீழே, பிள்ளைகள் வந்து விழும் இடத்தில் மட்டும் குட்டை நிற்கும். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசை கலையாமல் நிற்பார்கள். "அங்கிள், இப்ப ஏறலாமா?"

அந்தக் குட்டையை ஒழிக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறோம். ஒருவர் வைப்பர் கட்சி, ஒருவர் தார்பாய் கட்சி, துணியில் ஓட்டை போட்டால் தீர்ந்தது என்பவர் இன்னொருவர். எது எங்கே உதவும், எது பணத்துக்குப் பிடித்த கேடு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

பலூன் சறுக்கு பார்க்கத்தான் விறைப்பு, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ரொம்பக் குறைவு. ஐரோப்பாவின் இஎன் 14960 தரவிதி குறைந்தபட்சமாகக் கேட்பதே 1 கிலோபாஸ்கல்தான். தண்ணீர்க் கணக்கில் சொன்னால் அது 10 செ.மீ. உயரம். துணிமேல் நிற்கும் தண்ணீர் அந்த ஆழத்தை நெருங்கும்போது கீழே இருக்கும் காற்றால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. துணி உள்வாங்கும். பள்ளம் ஆழமாகும். ஆழமான பள்ளத்துக்கு அக்கம்பக்கத்துத் தண்ணீரும் ஓடி வரும். குட்டை தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

10 செ.மீ. ஆழமா, அவ்வளவு எங்கே சேரப் போகிறது என்று தோன்றும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள சறுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 20 மி.மீ. மழைக்கு அந்தச் சறுக்கின்மேல் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் விழுகிறது. விழும் இடம் 5 மீட்டருக்கு 2 மீட்டர், மூன்று பக்கமும் சுவர். அத்தனையும் அங்கேயே வந்து சேர்ந்தால் சரியாக 10 செ.மீ. படிப் பக்கமும் வெளிச் சுவர் வழியாகவும் பாதி ஒழுகிப் போனாலும் அரை டன் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மாலையில் 20 மி.மீ. என்பதெல்லாம் நம் ஊரில் சாதாரணம்.

அதே 10 செ.மீ. இன்னொரு இடத்திலும் வேலை செய்கிறது. பெரும்பாலான சறுக்குகள் தைத்தவை. தையல் துளைகள் வழியாகக் காற்று சதா கசிந்துகொண்டே இருக்கும், காற்றடிக்கும் மின்விசிறியான ப்ளோயர் ஓடிக்கொண்டே இருந்து ஈடுகட்டும். வெளியே தண்ணீர் ஆழமில்லாமல் நிற்கும்வரை காற்று வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகாது. தையல் ஓரம் பாருங்கள், பொட்டுப் பொட்டாகக் குமிழி வரும். குமிழி வந்தால் காற்று ஜெயிக்கிறது. நின்றுவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். உள்ளே போன தண்ணீரை எடுப்பது வேறு பாடு.

ஆக, போட்டி ஆழத்தோடு. தண்ணீர் ஆழமாவதற்கு முன்பே அதை வெளியேற்றும் வழிக்குத்தான் என் ஓட்டு.

வைப்பரில் தொடங்குகிறேன், எல்லோரிடமும் இருப்பது அதுதான். வீட்டுத் தரையில் தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பர், இரண்டு ஆள், ஒரு பிளாஸ்டிக் முறம். மெல்லிய படலத்தைத் தள்ள இதற்கு நிகரில்லை. குட்டைக்கு மட்டும் உதவாது. ஆள் உள்ளே இறங்கினாலே அவர் கால் அழுந்தும் இடம் பள்ளமாகித் தண்ணீர் அவரை நோக்கி ஓடி வரும். தள்ளித் தள்ளி அதே இடத்துக்கு வரும். தகரப் பட்டை வைத்த வைப்பர் துணியைக் கீறிவிடும், மரக்கட்டையோ முழு ரப்பரோ பார்த்து வாங்குங்கள். ஈரமும் உறிஞ்சும் வேக்குவம் மூலை முடுக்குக்கு நல்லது. ஆனால் அதன் தொட்டியைப் பதினைந்து இருபது லிட்டருக்கு ஒருமுறை கொட்ட வேண்டும். அரை டன் தண்ணீருக்கு எத்தனை நடை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் துடைப்புக்கு பழைய பருத்தி வேட்டியைவிட நல்ல பொருளை நான் இதுவரை கண்டதில்லை.

அடுத்தது சாய்வு. செலவே இல்லாத வழி, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. மைதானம் மட்டமாக இருப்பதாக நமக்குத் தோன்றும், உண்மையில் எந்த மைதானமும் மட்டமில்லை. கொத்தனாரிடம் இருக்கும் மட்டக் குழாய், தண்ணீர் நிரப்பிய அந்த ஒளிபுகும் டியூப், அதை வாங்கி நாலு மூலையும் பாருங்கள். விழும் இடத்தின் ஒரு மூலை மற்ற மூன்றையும்விடத் தாழ்ந்திருக்கும்படி சறுக்கைத் திருப்பிப் போடுங்கள். மீட்டருக்கு இரண்டு செ.மீ. இறக்கம் போதும். அதிகமாக ஆசைப்படக் கூடாது. சறுக்கு உயரமானது, பிள்ளைகள் மேலே நிற்பார்கள். தரைச் சரிவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் பிரிட்டனில் வைத்திருக்கும் எல்லை, அதாவது மீட்டருக்கு 5 செ.மீ. சாய்வு வேண்டுமென்று சறுக்கின் அடியில் செங்கல்லோ பலகையோ கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம். துணி கிழியும், முளைக்கயிறும் ஒரு பக்கம் தளர்ந்துவிடும்.

சாய்வால் தண்ணீர் ஒரு மூலைக்கு வரும், வெளியே போகாது. அங்கே சுவர் நிற்கிறது. அதனால் சாய்வையும் வடிகாலையும் எதிரெதிரே நிறுத்தி எது மேல் என்று கேட்பதே தப்பு. சாய்வில்லாத வடிகால் தலைமாட்டில் தண்ணீர் நிற்க, கால்மாட்டில் ஓட்டை வைத்த கதை.

வடிகாலில் மூன்று வகை உண்டு. முதல் வகை, உள்ளூர் தையல்காரரிடம் கொடுத்து விழுதளத்தின், அதாவது பிள்ளைகள் வந்து விழும் தளத்தின், நடுவில் பித்தளைக் கண் அடிப்பது. இது வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டை நேராகக் காற்று அறைக்குள் போகிறது. காற்றும் வெளியே வரும், ப்ளோயர் நின்றதும் குட்டை மொத்தமும் உள்ளே இறங்கும். நாங்களே ஒருமுறை இப்படிச் செய்து, மறுநாள் சறுக்கைச் சுருட்ட ஆறு பேர் போதாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் கூப்பிட்டோம்.

இரண்டாவது, சுவரும் விழுதளமும் சேரும் தையலில் ஒரு சாண் நீளத்துக்கு இடைவெளி விட்டு வலைத்துணி வைப்பது. அங்கே இரண்டு அறைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் காற்று அறை இல்லை. தண்ணீர் நேராகத் தரைக்குப் போகும். புதிதாக ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் கேட்டு வாங்குவதுதான் நல்லது, பின்னால் வைத்தால் தையல் பலம் குறையும். வலை நெருக்கமாக இருக்கட்டும், பிள்ளைகளின் கால்விரல் நுழையக் கூடாது. இதன் எதிரி குப்பை. சித்திரையில் வேப்பமரத்தடியில் சறுக்கு போட்டுப் பாருங்கள், வேப்பம்பூ வந்து வலையை அடைத்துத் தைத்தது போல நிற்கும். மணிக்கொருமுறை கையால் வழித்துவிட ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது, விழுதளத்தின் மேல்துணியிலிருந்து அடித்துணி வரைக்கும் காற்று அறையை ஊடுருவிப் போகும் துணிக் குழல். இரண்டு முனையும் சுற்றித் தைத்திருப்பதால் காற்று அறைக்கும் குழலுக்கும் தொடர்பில்லை. அடைப்பு குறைவு, தாழ்வான இடம் எதுவோ அங்கேயே வைக்கலாம். ஆனால் உள்ளே காற்று அமுக்குவதால் மெல்லிய துணிக் குழல் நசுங்கி மூடிக்கொள்ளும். உள்ளே விறைப்பான பிளாஸ்டிக் வளையமோ நெளிகுழாய்த் துண்டோ இல்லாமல் இதை வாங்காதீர்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். பழுதானால் எந்த ஊர்த் தையல்காரரும் சரிசெய்துவிடுவார்.

வடிகால் வைத்தவர்கள் மறக்கும் ஒன்று: வெளியே வந்த தண்ணீர் எங்கே போகிறது? செம்மண் தரை என்றால் பத்து நிமிடத்தில் சேறு. அந்தச் சேற்றின் வழியில் ப்ளோயர் உட்கார்ந்திருக்கும். மண்வெட்டி எடுத்து ஒரு சின்ன வாய்க்கால் இழுங்கள். ப்ளோயரை மேட்டுப் பக்கம், செங்கல் அடுக்கின்மேல் வையுங்கள். மின்கசிவு 30 மில்லி ஆம்பியர் ஆனதும் தானே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத இடத்தில் ஈரத்தோடு சறுக்கை ஓட்டக் கூடாது. இதில் பேரமே கிடையாது.

சரி, தார்பாய். இதில்தான் சண்டை அதிகம். காற்றோடு நிற்கும் சறுக்கின்மேல் நீலத் தார்பாயை இழுத்துக் கட்டுவது ஒரு கட்சி. எனக்கு உடன்பாடில்லை. தார்பாய் இரண்டு குழாய்களுக்கு நடுவில் தொய்ந்து தானே ஒரு குட்டை கட்டும். காற்றடித்தால் பாய்மரமாகிவிடும். தரவிதி ஆட்களோடு சறுக்கு ஓட அனுமதிக்கும் காற்று வேகமே மணிக்கு 38 கி.மீ. வரைதான். நம் ஊர்க் கோடை மழை வரும்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று முன்னால் வருமே, அது சாதாரணமாக இதைத் தாண்டும். "மேலதான் தண்ணி நிக்குதே, கனம் இருக்கு, பறக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. காற்று அடியில் புகுந்து ஒரு ஓரத்தைத் தூக்கினால் தண்ணீர் மறுபக்கம் ஓடிவிடும், கனமும் கூடவே போய்விடும். ஆஸ்திரேலியாவின் டெவன்போர்ட்டில் 2021 டிசம்பர் 16 அன்று ஒரு பள்ளியில் காற்று தூக்கிய பலூன் வீட்டால் ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். அதனால் இடியும் காற்றும் சேர்ந்த மழை என்றால் கேள்வியே இல்லை: பிள்ளைகளை இறக்கு, காற்றை இறக்கு.

காற்றை இறக்கிவிட்டு மேலே தார்பாய் போடுவது வேறு விஷயம், அது நியாயமான வழி. ஆனால் அதிலும் வரிசை உண்டு. முதலில் நிற்கும் தண்ணீரை வெளியேற்று, அப்புறம் ப்ளோயரை நிறுத்து. மாற்றிச் செய்தால் துணி மடிப்புக்கு மடிப்பு தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும், தையல் வழியாக உள்ளேயும் போகும். உள்ளே போன தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக ப்ளோயருக்கே திரும்பி வருவதும் உண்டு. ப்ளோயரை நிறுத்தியதும் குழாயைக் கழற்றித் தூக்கிக் கட்டுங்கள்.

காற்றில்லாத தூறல் மழைக்கு என்ன செய்வது? நான் ப்ளோயரை ஓடவிட்டு, ஆளில்லாமல் நிற்கவிடுவேன். உள்ளிருந்து வரும் காற்று தையலைக் காக்கும், வடிகால் தன் வேலையைப் பார்க்கும். மழை விட்டதும் வைப்பர், வேட்டி, அவ்வளவுதான். இறக்கி மூடி மறுபடி ஏற்றுபவர்களைவிட நாம் சீக்கிரம் கடை திறந்துவிடலாம். இதற்கு ப்ளோயர் தெம்பாக இருக்க வேண்டும். திருவிழா மைதானத்தில் நூறு மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்திருந்தால் வோல்டேஜ் இறங்கி ப்ளோயர் சோர்ந்துபோகும், அழுத்தம் குறையும், குட்டை ஆழமாகும். அதே கொத்தனார் டியூபை 'யூ' போல வளைத்துப் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் காற்றை இறக்கும் ஜிப் வழியாக உள்ளே செருகினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். 10 செ.மீ.க்குக் கீழே என்றால் முதலில் ஒயரைப் பாருங்கள், அடுத்து ப்ளோயரின் வாயில் சிக்கிய குப்பையைப் பாருங்கள்.

கோடையில் ரிசார்ட்டுகளில் நாமே தண்ணீர் விட்டு ஓட்டும் சறுக்குக்கு இந்த வழிகளெல்லாம் இரண்டாம்பட்சம். அங்கே குழாயைத் திருகுவதுதான் தீர்வு. நிமிடத்துக்கு 15 லிட்டர் விடும் ரப்பர் குழாய் நாலு மணி நேரத்தில் 3,600 லிட்டர் கொட்டும். சறுக்க அவ்வளவு தேவையே இல்லை, துணி நனைந்திருந்தால் போதும். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் 16 மி.மீ. குழாயை மேல்முனையில் குறுக்கே கட்டி, வரிசையாகச் சின்னத் துளை போட்டால் பாதை முழுக்கச் சீராக நனையும். கடையில் விற்கும் தெளிப்பான் பட்டையைவிட இது மலிவு, அடைத்தால் ஊசி போதும். கீழே மோட்டார் வைத்து அதே தண்ணீரை மேலேற்றும் ஏற்பாடு மிச்சம் என்பார்கள். நூறு பிள்ளைகளின் கால் மண்ணும் மற்றதும் கலந்த தண்ணீர் அது. ஈரத்தில் இன்னொரு மின் மோட்டாரும் சேர்கிறது. நான் வைப்பதில்லை.

நீர்ச் சறுக்கின் கீழ்த்தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது வடிவமைப்பிலேயே உண்டு. அதை இரவில் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரே ஆபத்து. நாலைந்து நாள் நின்றால் கொசுப்புழு வரும், டெங்கு சீசனில் சுகாதார ஆய்வாளர் வந்து அபராதம் எழுதிவிட்டுப் போவார். கொல்லையில் மடித்துப் போட்ட தார்பாயின் சுருக்கத்துக்கும் இதே கதைதான்.

கடைசியாகச் சுருட்டுவது. வெயிலில் ப்ளோயரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அடிப்பக்க ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பதையும் வடித்துவிட்டு மடித்தால்தான் குடோனில் கருப்புப் புள்ளி பிடிக்காது. மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது? ஈரத்தோடு கொண்டு வந்தால் மறுநாளே கல்யாண மண்டபமோ கொட்டகையோ பார்த்து விரித்துவிடுவோம். எங்கள் பழைய சறுக்கில் மிக்கி மவுஸ் காதுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு ஒரு கறை இருக்கிறது, மூன்று நாள் தள்ளிப்போட்டதன் அடையாளம். பிள்ளைகள் அதை மிக்கியின் மச்சம் என்கிறார்கள்.