பேன்-டாம்ப்கின்ஸ் மூணு வருஷம் ஓட்டிப் பாத்ததுல என் அனுபவம்

வீட்ல ஏடி8232ன்னு இதய சிக்னல் எடுக்கற சின்ன போர்டு வச்சு ஈசிஜி எடுத்து, அதுல துடிப்பு எண்ண மூணு வருஷமா பேன்-டாம்ப்கின்ஸ்ங்கற அல்காரிதம்தான் யூஸ் பண்றேன். 1985ல வந்தது, ஆனா சின்ன மைக்ரோகன்ட்ரோலர்லயே ஓடிரும், அதனாலதான் இன்னும் விடலை.

முதல் வருஷம் எம்ஐடி-பிஐஹெச்னு ஏற்கனவே பதிவு பண்ணி வச்ச ஈசிஜி டேட்டாவ போட்டுதான் பழகினேன், மொத்தம் 48 ரெக்கார்டு, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். அல்காரிதத்தோட ஒரிஜினல் பேப்பர்ல 99.3% துடிப்ப சரியா புடிக்குதுன்னு இருக்கு, எனக்கு பக்கத்துலயே வரலை. அப்புறம்தான் தெரிஞ்சது, பேப்பர் 200 ஹெர்ட்ஸ்க்கு, அதாவது செகண்டுக்கு 200 சாம்பிளுக்கு எழுதினது, அதுல சிக்னல சராசரி எடுக்கற விண்டோ 30 சாம்பிள்னா 150 மில்லிசெகண்ட், இந்த டேட்டா 360 ஹெர்ட்ஸ், நான் அதே 30ஐ அப்படியே போட்டிருக்கேன். அதே 150 மில்லிசெகண்ட் வர்ற மாதிரி 54ன்னு மாத்தினதும் நல்லா வந்துச்சு. 108ம் நம்பர் ரெக்கார்டு மட்டும் கடைசி வரைக்கும் படுத்துச்சு.

உண்மையான பாடம் அம்மாவுக்கு எடுத்தப்போ வந்துச்சு. ஸ்க்ரீன்ல 140, கைய புடிச்சு நாடி பாத்தா 70தான் இருக்கு, ரொம்ப பயந்துட்டேன். சிக்னல வரைஞ்சு பாத்தா அவங்களுக்கு டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்போட பெரிய பீக்குக்கு அப்புறம் வர்ற மேடு, நல்லா உயரமா இருக்கு, அதையும் ஒரு துடிப்புன்னு எண்ணியிருக்கு. ஒரு துடிப்புக்கப்புறம் 200 மில்லிசெகண்ட் எதையும் எண்ணாம விடுவோம்ல, டி அலை அதத் தாண்டி வருது. அதுக்குன்னே ஒரிஜினல் முறைல ஒரு செக் இருக்கு, 360 மில்லிசெகண்டுக்குள்ள வர்ற பீக்கோட சரிவு முந்தின துடிப்போட சரிவுல பாதிக்கும் கம்மின்னா அது டி அலைன்னு விட்டுரணும். நான் நெட்ல எடுத்த கோட்ல அது இல்லவே இல்ல! சேர்த்ததும் 71. தயவுசெஞ்சு உங்க கோட்ல இது இருக்கான்னு பாருங்க.

இந்த அல்காரிதத்துல எனக்கு ரொம்ப புடிச்சது சர்ச்பேக். துடிப்புகளுக்கு நடுவுல இருக்கற சராசரி இடைவெளியோட 1.66 மடங்கு போயும் துடிப்பு வரலைன்னா, திரும்பிப் போய் பாதி த்ரெஷோல்டுல (துடிப்புன்னு எடுத்துக்கற குறைந்தபட்ச அளவுல) தேடும். எலக்ட்ரோடு காய்ஞ்சு சிக்னல் சட்டுனு சின்னதாகும்போது இது இல்லாட்டி பாதி துடிப்பு போயிரும்.

லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரிலதான் எடுக்கணும், பாதுகாப்புக்கும் அதான், 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் குறையும். நடந்துகிட்டே எடுக்கறது மட்டும் இன்னும் சரியா வரலை, உடம்பு அசையற இரைச்சல் 5-15 ஹெர்ட்ஸ்குள்ளயே வந்து விழுது, அல்காரிதத்தோட ஃபில்டர் அந்த சிக்னலத்தான் உள்ள விடுது. அம்மாவ உக்கார வச்சு, கைய தொடை மேல வைக்கச் சொல்லிதான் இப்போ எடுக்கறேன், பக்கத்துலயே நாடியும் எண்ணிக்கறேன்.