வாங்குவதா, வளர்ப்பதா: மருத்துவமனைத் தகவல் அமைப்புக்கு இரு வழிகள்

காகிதக் கேஸ் ஷீட்டை விட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு மாற முடிவெடுக்கும் மருத்துவமனை, எபிக், ஆரக்கிள் ஹெல்த் போன்ற பெரிய நிறுவனங்களின் முழுமையான மென்பொருளை வாங்கலாம். அல்லது ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற, மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளை எடுத்துத் தன் தேவைக்கேற்ப வளர்த்துக்கொள்ளலாம். இரண்டின் விலையையும் வசதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு, வார்டில் ஒரு திரை சிகிச்சைக்கு இடையூறாக இருப்பது தெரியவந்தால், அதை யார், எத்தனை நாளில் மாற்ற முடியும்?

வாங்கும் வழியின் பலம் வெளிப்படையானது. மருந்தகம், ஆய்வகம், கட்டணப் பிரிவு, புறநோயாளிப் பதிவு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இயங்குவதால், ஆய்வக முடிவு வந்த நொடியில் மருத்துவரின் திரையில் தெரியும். ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளைச் சேர்த்து எழுதினால் எச்சரிக்கை வரும். சட்ட விதிகள் மாறும்போது மென்பொருளைத் திருத்தும் பொறுப்பும் விற்றவருடையது. சொந்தக் கணினிப் பிரிவு இல்லாத மருத்துவமனைக்கு இது பெரிய நிம்மதி. உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் தொடரும் என்பதும், பிற்காலத்தில் வேறொரு மென்பொருளுக்கு மாற நினைத்தால் பழைய தரவை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும் என்பதும் இதன் மறுபக்கம்.

வளர்க்கும் வழிக்கு மிகச் சிறந்த சான்று அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் விஸ்டா. 1970களின் இறுதியில் தொடங்கிய இந்த மென்பொருளை, மருத்துவர்களும் நிரலாளர்களும் மருத்துவமனைகளுக்குள்ளேயே சேர்ந்து உருவாக்கினார்கள். கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் அத்துறையின் மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் சூ கின்னிக், 1992-இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் பார்கோடைப் படித்துக் கணக்கு முடித்ததைக் கவனித்து, இதையே மருந்து கொடுப்பதிலும் செய்யலாமே என்று எண்ணினார். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்து உறையையும் படித்து, சரியான நோயாளிக்குச் சரியான நேரத்தில் சரியான மருந்துதான் போகிறதா என்று சரிபார்க்கும் முறை அந்த மருத்துவமனையிலேயே உருவாகி, பிறகு துறையின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது. படுக்கையருகே நிற்பவரின் யோசனை மென்பொருளாவதற்கு இடையில் ஒப்பந்தமோ கொள்முதல் ஆணையோ குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் அதே சுதந்திரம் காலப்போக்கில் சுமையாகவும் ஆனது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி திருத்திக்கொண்டதால், ஏறத்தாழ 130 தனித்தனி விஸ்டா நிறுவல்கள் உருவாயின. அவை எழுதப்பட்ட மம்ப்ஸ் என்ற நிரல்மொழியை அறிந்தவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். வளர்க்கும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தச் செலவை முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும். மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசமன்று.

அந்தத் துறை பின்னர் வாங்கும் வழிக்கு மாறியது. இன்று ஆரக்கிள் ஹெல்த் எனப்படும் செர்னர் நிறுவனத்துடன் 2018-இல் ஒப்பந்தம் செய்து, 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் உள்ள மருத்துவமனையில் புதிய அமைப்பைத் தொடங்கியது. அங்கே மருத்துவர் எழுதிய உத்தரவு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மென்பொருளால் அடையாளம் காண முடியாதபோது, அது யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் விழுந்தது. எழுதிய மருத்துவருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அப்படிப் போய்ச் சேர்ந்த உத்தரவுகள் 11,000-க்கும் மேல் என்றும், அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்றும் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. 2023-இல் புதிய இடங்களுக்கு விரிவாக்கும் பணி நிறுத்தி வைக்கப்பட்டது.

இதைக் கொண்டு வாங்குவதே தவறு என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வாங்கிய இரண்டு குழந்தைகள் மருத்துவமனைகளின் அனுபவம் வேறுவேறாக இருந்தது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில், வாங்கிய மென்பொருள் ஒன்றை ஆறே நாள்களில் மருத்துவமனை முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன், வேறு மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு வேண்டிய மருந்துகளை முன்கூட்டியே எழுதித் தயார் செய்துவிடுவார்கள். புதிய அமைப்பிலோ, குழந்தை வந்து சேர்ந்து பதிவு முடியும்வரை எதையும் எழுத இயலவில்லை. கையால் சில நொடிகளில் எழுதிய ஓர் உத்தரவுக்குச் சராசரியாகப் பத்து முறை சொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் ஆயின. அப்படி மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு விகிதம் 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்தது என்று 2005-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் நிறுவியது. அங்கே அவசர நிலைகளுக்கான மருந்து உத்தரவுத் தொகுப்புகளை மென்பொருளில் முன்னரே தயாரித்து வைத்திருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு விகிதம் உயரவில்லை. மென்பொருளை நிறுவும் முன் அதைத் தம் வேலைமுறைக்கு ஏற்ப எவ்வளவு தூரம் வளைத்தார்கள் என்பதில்தான் பெரிய வேறுபாடு இருந்ததாக நான் கருதுகிறேன்.

திறந்த மூலப் பக்கத்தில், 2004-இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் இப்படி வளைந்துகொடுக்கும் தன்மையை அடித்தளத்திலேயே வைத்திருக்கிறது. நோயாளியிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு கருத்து அகராதியில் தனிப் பதிவாக இருப்பதால், புதிய கேள்வியைச் சேர்க்கத் தரவுத்தளத்தின் கட்டமைப்பை மாற்ற வேண்டியதில்லை. எச்ஐவி சிகிச்சை போல நெறிமுறைகள் அடிக்கடி மாறும் பணிகளுக்கு இது மிகவும் பொருந்தும். கட்டணக் கணக்கு, காப்பீட்டுக் கோரிக்கை ஆகியவற்றில் விலைக்கு வாங்கும் மென்பொருளின் முழுமையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே, நிலையான நிரலாளர் குழுவை நீண்டகாலம் வைத்துக்கொள்ள முடியாத மருத்துவமனைக்கு வாங்கும் வழியே நல்லது. அப்போதும் ஒப்பந்தத்தில் இரண்டை விட்டுக்கொடுக்கக் கூடாது. படிவங்களையும் மருந்து உத்தரவுத் தொகுப்புகளையும் எச்சரிக்கைகளையும் மருத்துவமனையின் சொந்த ஊழியர்களே திருத்தும் உரிமை ஒன்று. தரவு முழுவதையும், மருத்துவ மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான எஃப்எச்ஐஆர் என்ற பொதுத் தரத்தில் எந்நேரமும் வெளியே எடுக்கும் வசதி மற்றொன்று. பல மருத்துவமனைகளைக் கொண்ட பொதுத்துறை வலையமைப்புக்கோ வளர்க்கும் வழியையே பரிந்துரைப்பேன். ஒரு குழுவின் உழைப்பு அத்தனை இடங்களுக்கும் பயன்படும். மூலநிரலை ஒரே இடத்தில் பேணினால் விஸ்டாவுக்கு நேர்ந்த சிதறலும் தவிர்க்கப்படும். இறுதி முடிவுக்கு முன், விற்பனையாளரின் செயல்விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரவுப் பணிச் செவிலியர் ஒருவரையும் இளநிலை மருத்துவர் ஒருவரையும் அமர்த்தி, நினைவிழந்து வந்த, பெயர்கூடத் தெரியாத நோயாளிக்கு முதல் மருந்தை எழுதிக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.