சென்னை–மதுரை: தனியாகப் போகிற பெண்ணுக்கு ரயிலா, பஸ்ஸா?

மாதம் ஒரு முறையாவது அம்மாவைப் பார்க்க மதுரைக்குப் போகிறேன், பெரும்பாலும் தனியாகத்தான். "எதில் போனால் பயமில்லை அக்கா?" என்று அலுவலகத்தில் சின்னப் பெண்கள் கேட்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு 9.40 வாக்கில் எழும்பூரில் கிளம்பி, விடிகாலை ஐந்தரை வாக்கில் மதுரைக்குப் போய்ச் சேரும். அதற்கு மேல் போகாது. அயர்ந்து தூங்கினாலும் ஊரைத் தவறவிட முடியாது. இறங்கும்போது சுற்றிலும் ஆள் இருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸும் அதே பாதைதான், ஆனால் மதுரையை இருட்டிலேயே கடந்துவிடும். அலாரத்தை நம்பி அரைத் தூக்கத்தில் கிடக்க வேண்டும்.

பெர்த் விஷயத்தில் நான் மேல் பெர்த் கட்சி. காற்று வராது, ஏறுவது சிரமம், ஆனால் கால்மாட்டில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். சைடு லோயரில் திண்டுக்கல் தாண்டியதும் "கொஞ்சம் நகருங்கள்" ஆரம்பித்துவிடும். தொலைதூர எக்ஸ்பிரஸ்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது ஒதுக்கீடு என்ற இடத்தில் 'பொது' என்பதை மாற்றிப் பார்க்காததால் பலருக்கு இது தெரிவதில்லை.

டிக்கெட் இல்லாமல் தனியாக வரும் பெண்ணைக்கூட, அவள் ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர நிலையம் ஆகியவற்றில்தான், அதுவும் பகலில்தான் இறக்கிவிடலாம் என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆவது பிரிவு. சட்டம் எழுதியவர்களுக்கும் என் கேள்விதான் தோன்றியிருக்கிறது. ரயில்வே உதவி எண்ணும் 139தான், மறக்காது.

ஆம்னி பஸ்ஸின் பலம், கடைசி நேரத்திலும் இடம் கிடைக்கும் என்பது. ஒற்றைப் படுக்கை, இழுத்துவிட்டுக்கொள்ளத் திரை. இரட்டைப் படுக்கைதான் மிச்சம் என்றால், பக்கத்து இடம் பெண்ணுக்கு என்று செயலியில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடுராத்திரி வண்டி நிற்கும் ஓட்டலில் கழிப்பறை எப்போதும் கட்டடத்துக்குப் பின்னால், விளக்கில்லாத மூலையில்தான் இருக்கும். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு பயணம் செய்கிறோம். இதை யாரும் வசதிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு முறை, மேலும் தெற்கே போகிற வண்டி என்று கவனிக்காமல் ஏறிவிட்டேன். மூன்றரை மணிக்கு ரிங் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். பெட்டியும் நானும் ஒரு டியூப்லைட்டும். அண்ணன் பைக்கில் வந்து சேர்ந்த இருபத்தைந்து நிமிடமும் செல்போனில் பேசுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

அரசு விரைவுப் பேருந்தில் முதுகு வலிக்கும். ஆனால் மதுரை வண்டி மாட்டுத்தாவணிக்கு உள்ளேயே போய் நிற்கும். அங்கே எந்த நேரத்திலும் வெளிச்சமும் ஜனமும் உண்டு. சென்னையின் வெளியோரம் இருக்கும் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை போய் ஏறுவதுதான் இன்னொரு பயணம்.

பகலில் போக முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். காலை ஆறு மணி தேஜஸ் ரயிலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. வைகையும் பகல் வண்டிதான், ஆனால் இறங்குவதற்குள் இரவு ஒன்பது தாண்டிவிடும்.

ஆக, என் வரிசை: பாண்டியன், கிடைக்காவிட்டால் சனிக்கிழமை தேஜஸ், அதுவும் இல்லையென்றால் அரசுப் பேருந்து. ஆம்னிதான் வழி என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "இந்த வண்டி மதுரையோடு நின்றுவிடுமா?"